பால், நெய் இல்லாமல் நெல்லையில் வெளியே சாப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பாளையங்கோட்டை. ஆறு வருஷமாகப் பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் சேர்ப்பதில்லை; கறி மீன் அதற்கு முன்னாலேயே நின்றுபோயிற்று. இப்படிச் சாப்பிடுவதைத்தான் வீகன் என்கிறார்கள். வீட்டில் ஒரு தொந்தரவும் கிடையாது. வெளியே சாப்பிடப் போனால்தான் கேள்வி பதில் எல்லாம். ஊருக்கு வரும் சிநேகிதர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது பழைய ஜில்லாவை. 1986-இல் பிரிந்த தூத்துக்குடியும் 2019-இல் பிரிந்த தென்காசியும் இதில் சேர்த்தி.

திருநெல்வேலியில் வீகன் ஓட்டல் இருக்கிறதா?

பலகையைத் தேடிப் போகாதீர்கள், பண்டத்தைத் தேடிப் போங்கள். "வீகன்" என்று கேட்டால் ஜங்ஷன் ஓட்டல் சர்வர் அதை ஏதோ புது ஐட்டம் என்று நினைத்து, "அது இல்ல சார், நெய் ரோஸ்ட் இருக்கு" என்பார். தமிழில் ஆக்கிய "நனிசைவம்" அழகான சொல். அதைச் சொன்னால் இன்னும் குழப்பம்தான்.

ஆனால் இந்த ஊர்ச் சமையலின் ஆதாரம் தேங்காய்ப்பால், நல்லெண்ணெய், உளுந்து, கருப்பட்டி. பால் சாமான்கள் பெரும்பாலும் மேலே ஊற்றுவதும் கடைசியில் விடுவதும்தான். அந்தக் கடைசிக் கரண்டியை நிறுத்தத் தெரிந்தால் பாதி மெனு உங்களுடையது.

"உயர்தர சைவம்" என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. சைவ ஓட்டலில்தான் நெய்யும் வெண்ணெயும் தாராளமாகப் புழங்கும். உயர்தரம் என்று அவர்கள் பெருமைப்படுவதே அதைத்தான். சின்ன மெஸ்ஸில் நெய் கட்டுப்படியாகாது, சமையல் பெரும்பாலும் எண்ணெயில்தான். அதனால் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஏசி ஓட்டலைவிட நாலு பெஞ்சு போட்ட மெஸ் நல்லது என்பது என் அனுபவம். புரட்டாசியிலும் ஐயப்ப சீசனிலும் நிறையக் கடைகள் சைவத்துக்கு மாறும். அப்போதும் பால் நெய் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சர்வரிடம் எப்படிச் சொல்வது?

முதல் பாடம்: "பால் வேண்டாம்" என்றால் காப்பி வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம் ஆகும். தயிர், மோர், நெய், வெண்ணெய் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு சர்வர் கேட்டது இப்படி:

"பால் ஒத்துக்கிடாதா? அப்ப தயிரு?"

"தயிரும் பால்தான அண்ணாச்சி."

"அது சரி. மோரு கொஞ்சமா ஊத்தலாம்லா?"

கிண்டலில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். சாப்பாட்டை மோரில் முடிக்காமல் ஒருத்தன் எழுந்து போகப் போகிறானே என்ற கவலை அவருக்கு.

இரண்டாவது பாடம் கொஞ்சம் விலை கொடுத்துக் கற்றது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு மெஸ். இலை போட்டவரிடம் விவரமாகச் சொன்னேன், அவரும் தலையாட்டினார். சோறு வந்தது, பருப்பு வந்தது. குழம்பு வாளி எங்கே என்று நான் திரும்பிப் பார்த்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சின்னக் கரண்டி நீண்டு, பருப்பின் நடுவில் நெய் விழுந்து, மஞ்சளாகப் பரவி, சோற்றுக்குள் இறங்கிவிட்டது. நெய் ஊற்றுபவர் வேறு ஆள், அவரிடம் நான் சொல்லவே இல்லை. "நெய்தான சார், ஒண்ணும் செய்யாது" என்றார். அந்தச் சோற்றை ஒதுக்கி வேறு கேட்டதில் பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்குப் பிறகு பருப்பு விழுந்ததும் இடது கையை இலைக்கு மேலே குடை மாதிரிப் பிடித்துக்கொள்கிறேன். எத்தனை பேர் பரிமாறினாலும் கை சொல்வது எல்லோருக்கும் புரிகிறது.

"டாக்டர் சொல்லிருக்காரு" என்று ஒரு பொய் சொன்னால் வேலை சுலபமாக முடியும் என்று பலர் யோசனை சொல்வார்கள். முடியும்தான். நான் "பால் சாமான் எதுவும் சேக்கதில்ல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். "விரதமா?" என்று கேட்பார்கள். "ஆமா" என்றால் வெங்காயம் பூண்டையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள், ஜாக்கிரதை.

காலை டிபனுக்கு என்னென்ன சாப்பிடலாம்?

இட்லி, உளுந்தவடை, பூரிக்கிழங்கு, புட்டு, சாதா தோசை. சட்னி சாம்பாரில் பொதுவாகப் பயமில்லை. பொடி இட்லி என்று தனியாகக் கேட்டால் பல கடைகளில் நெய்யில் பிரட்டித் தருவார்கள். இட்லியை வாங்கிக்கொண்டு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தனியாகக் கேளுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

வெண்பொங்கல், கேசரி, கிச்சடி மூன்றிலும் நெய். ரவா தோசை ஒரு மறைமுக ஆள். மாவில் புளித்த மோர் சேர்க்கிற பழக்கம் உண்டு, கேட்காமல் வாங்காதீர்கள். தோசையில் கவனிக்க வேண்டியது மாவை அல்ல, மாஸ்டரின் கையை. தோசை சிவந்து வரும்போது ஓரத்தைச் சுற்றி ஒரு சுற்று விடுவாரே, அது எண்ணெயா, நெய்யா, டால்டாவா என்பதுதான் கேள்வி. டால்டா என்கிற வனஸ்பதி தாவர எண்ணெயிலிருந்து வருவது. உடம்புக்கு எப்படியோ, நம் கணக்கில் தவறில்லை.

ஆப்பமும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலோடு வந்தால் நமக்கு அடித்தது யோகம். ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் விலை ஏறும்போது தேங்காய்ப்பாலில் பசும்பாலைக் கலந்து பெருக்கும் கடைகள் உண்டு. நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும்: சுத்தத் தேங்காய்ப்பால் தொண்டையில் லேசாக எண்ணெய்ப் பிடிப்போடு இறங்கும்.

மதியச் சாப்பாட்டில்?

சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பொரியல், துவையல், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சரி. ரசத்துக்கு நெய்யில் தாளிக்கிற இடமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். அப்பளம் இந்தப் பக்கத்துச் சிறப்பு வேறு, கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு வெளியூரிலும் பெயர் உண்டு.

தள்ள வேண்டியவை: தயிர்ப் பச்சடி, மோர்க்குழம்பு, பாயசம். பருப்புப் பாயசம் தேங்காய்ப்பாலில்தான் செய்திருப்பார்கள், ஆனால் முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டியிருப்பார்கள். அவியல் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை வேறு. தயிர் ஊற்றுகிறவர்களும் உண்டு, ஊற்றாமல் தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்து விடுகிறவர்களும் உண்டு. பார்த்தால் தெரியாது, கேட்கத்தான் வேண்டும். தயிருக்குப் பதிலாக இன்னொரு கை பொரியல் கேட்டால் எந்த மெஸ்ஸிலும் முகம் சுளிப்பதில்லை.

சொதி சொதி என்கிறார்களே, அது நமக்கு ஆகுமா?

ஆகும் என்பது மட்டுமில்லை, அதற்காகவே இந்த ஊருக்கு வரலாம். திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்புதான்.

தேங்காயைத் துருவி அரைத்து மூன்று முறை பிழிவார்கள். மூன்றாவதாக வந்த தண்ணிப் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி வேகும். அதோடு குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, இஞ்சி, பூண்டு. காரத்துக்குப் பச்சை மிளகாய் மட்டும், வத்தல் பொடி பக்கத்திலேயே வரக்கூடாது, நிறம் கெட்டுவிடும். இரண்டாம் பாலை விட்டுக் கொதித்த பிறகு கடைசியாக முதல் பால். அப்போது அடுப்பைவிட்டு நகரவே முடியாது. ஓரத்தில் நுரை கட்டி ஏறத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாற்றையும் இறக்கி வைத்த பிறகுதான் பிழிவார்கள். எங்கள் ஆச்சி முதல் பாலை ஊற்றும்போது யாரையும் பேசவிட மாட்டாள்.

சோற்றில் ரசம் மாதிரி ஓட ஓட ஊற்றிப் பிசைய வேண்டும். கூடவே இஞ்சிப் பச்சடி வரும். பச்சடி என்றதும் பயப்பட வேண்டாம், இது புளியும் வெல்லமும் சேர்த்தது, தயிர் கிடையாது. அவ்வளவு தேங்காய்ப்பாலைச் செரிக்க வைப்பது இதுதான். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, கடிக்க அப்பளம்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி: தாளிப்பு எண்ணெயிலா, நெய்யிலா? சில சமையல்காரர்கள் வாசனைக்கு ஒரு கரண்டி நெய் விடுவார்கள். சொதி தினமும் கிடைக்காது, கடைக்குக் கடை நாள் மாறும். காலையிலேயே போய்க் கேட்டு வைப்பது நல்லது.

வேறு நெல்லைப் பண்டங்கள்?

உளுந்தஞ்சோறு கிடைத்தால் விடாதீர்கள். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, அரிசி, தேங்காய்ப்பூ, பூண்டு, வெந்தயம், மேலே நல்லெண்ணெய், பக்கத்தில் எள்ளுத் துவையல். ஒரு சொட்டுப் பால் இல்லை. உளுந்தங்களியும் அப்படியே, கருப்பட்டியும் நல்லெண்ணெயும்தான். கூட்டாஞ்சோறு என்பது அரிசி, பருப்பு, காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒன்றாகப் பொங்குவது. பரிமாறும்போது நெய் விடுவார்கள், குடைக் கையை மறக்காதீர்கள். காணத் துவையல் (வெளியூர்க்காரர்கள் கொள்ளு என்பார்கள்), புளிமிளகாய், தீயல் எல்லாம் தைரியமாகச் சாப்பிடலாம். இவை ஓட்டலில் எப்போதாவதுதான் கிடைக்கும், வீட்டில் செய்து விற்கிற அக்காமாரிடம் அடிக்கடி கிடைக்கும்.

பரோட்டா?

சைவக் கடை என்றால் மாவில் முட்டை இராது, பால் சேர்த்திருக்கலாம், கேளுங்கள். அசைவக் கடை என்றால் முட்டை இருக்க வாய்ப்பு அதிகம், சால்னாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். "வெஜ் சால்னா" என்று ஊற்றுவதும் சில இடங்களில் கறித்துண்டை ஒதுக்கிவிட்டு எடுத்த அதே குழம்புதான். செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் வரை பரோட்டாவுக்காகப் போகிறவர்களோடு நீங்கள் போனால் பேச்சுத் துணைக்குத்தான் போகிறீர்கள். கையில் இட்லி இருக்கட்டும்.

இருட்டுக்கடை அல்வாவில் பால் இல்லை, கோதுமைப் பால்தானே?

கோதுமைப் பால்தான், அதில் தகராறில்லை. ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பிழிந்து எடுத்த பாலும் சீனியும். ஆனால் அதைத் திரள வைத்துக் கையில் வழுக்க வைப்பது நெய். அல்வாவைத் தொட்ட விரலைத் தாளில் துடைத்துப் பாருங்கள், தாள் கண்ணாடியாகிவிடும். அது நமக்கு இல்லை. நெல்லையப்பர் கோயில் எதிரில் சாயங்காலம் நிற்கும் வரிசையில் நானும் நிற்பேன், சென்னையில் இருக்கும் தங்கச்சிக்கு வாங்க.

நமக்கென்று ஓர் அல்வா இருக்கிறது, நிறையப் பேருக்கு அது தெரியாது. சாத்தான்குளம் பக்கம் முதலூரில் செய்யும் மஸ்கோத் அல்வா. மைதாவைப் பிசைந்து கரைத்து எடுத்த பால், தேங்காய்ப்பால், சீனி, முந்திரி. நெய்க்குப் பதில் தேங்காய்ப்பாலே காய்ந்து எண்ணெய் கக்கும், அந்த எண்ணெயிலேயே அல்வா சுருண்டு வரும். அடர்ந்த நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியும், வாயில் போட்டால் கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கும். மஸ்கோத் என்ற பெயரை இப்போது ஊர் ஊராகப் பயன்படுத்துகிறார்கள். "நெய் சேக்கீயளா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனிப்பு என்றால் இன்னும் இருக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நிலக்கடலையும் வெல்லப்பாகும்தான், 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கருப்பட்டி மிட்டாய், முந்திரிக்கொத்து, சுசியம் இவையும் சரி. தூத்துக்குடி மக்ரூன் பார்க்க வெள்ளையாக, அப்பாவியாக இருக்கும், முந்திரியும் சீனியும்தானே என்று வாயில் போட்டுவிடாதீர்கள். அதை அந்த உருவத்தில் நிறுத்துவது முட்டையின் வெள்ளைக்கரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பெயரிலேயே பதில் இருக்கிறது.

காப்பி இல்லாமல் எப்படி?

கடுங்காப்பி கேளுங்கள். கருப்பட்டி போட்டுத் தருகிற கடையாக இருந்தால் பால் காப்பியை நினைக்கவே மாட்டீர்கள். சுக்குக்காப்பி பல டீக்கடையில் சாயங்காலம் உண்டு. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கட்டன் சாயா (பால் விடாத டீ) என்றால் உடனே புரியும், மலையாள வாடை அடிக்கிற ஊர்கள். டீக்கடையில் ஒரு வசதி: டிக்காஷன் தனி, பால் தனி. பாலை விட வேண்டாம் என்றால் முடிந்தது.

கோடையில் பதநீரும் நுங்கும். பனை ஏறுகிறவர்கள் காலையில் சைக்கிளில் கொண்டு வருவார்கள், பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பதே ஒரு ருசி. கம்மங்கூழ் வண்டியில் மோர் கலக்கும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கலந்து வைத்த பானை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

பதநீர்க் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு சிப்பியைச் சுட்டது என்கிறார்களே?

கடற்கரைப் பக்கம் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் வழக்கம் உண்டு. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒருத்தர், நல்ல கேள்விதான். நான் பதநீர் குடிக்கிறேன், கருப்பட்டியும் சாப்பிடுகிறேன். கரையில் ஒதுங்கிய வெற்றுச் சிப்பிக்காக உடன்குடிக் கருப்பட்டியை விட என் மனசு ஒப்பவில்லை. உங்கள் எல்லைக்கோட்டை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வட இந்திய மெனு உள்ள ஓட்டலில்?

கஷ்டம். நானில் தயிர், கிரேவியில் கிரீம், தாலில் வெண்ணெய். சப்பாத்தியைக் கல்லில் எண்ணெய் விட்டுப் போடச் சொல்லி, சன்னா மசாலாவை வெண்ணெய் இல்லாமல் கேட்கலாம். வெஜ் பிரியாணியில் தயிரும் நெய்யும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்கு வந்து நான் ரொட்டி கேட்பானேன்?

குற்றாலம் சீசனுக்குப் போகிறோம்?

சாரலில் குளித்துவிட்டு வந்தால் சூடாக எது கிடைத்தாலும் தின்னத் தோன்றும். வாழைக்காய் பஜ்ஜி, ஆமவடை, தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் சரி. பஜ்ஜி போடும் சட்டியிலேயே முட்டை போண்டாவும் பொரிகிறதா என்று ஒரு கண் பாருங்கள். ரம்புட்டான், மங்குஸ்தான் வந்திருக்கும் நேரம்.

ஒரே கல், ஒரே கரண்டி பற்றி எவ்வளவு பார்க்க வேண்டும்?

நெய் ரோஸ்ட் போட்ட கல்லில்தான் உங்கள் தோசையும் வேகும். அதைத் தவிர்க்க நினைத்தால் வெளியே சாப்பிடவே முடியாது. நான் அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை. பால் நிஜமாகவே அலர்ஜி என்றால் கதை வேறு, அப்போது கல்லில் எதுவும் வேண்டாம், இட்லியோடு நிறுத்துங்கள்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் வாங்கலாமா?

பச்சைப் புள்ளி சைவத்துக்கு. பால் பவுடர் உள்ள பிஸ்கட்டுக்கும் அதே புள்ளிதான். நம் வகைக்கென 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதியும் தனிச் சின்னமும் கொண்டு வந்திருக்கிறது, ஆனால் நம்ம ஊர்ப் பலசரக்குக் கடை அலமாரியில் அதைப் பார்ப்பது அபூர்வம். பின்பக்கம் சேர்மானத்தைப் படியுங்கள். பேக்கரியில் பின்பக்கமே கிடையாது, அங்கே மிச்சரும் காரச்சேவும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பி12 வைட்டமினுக்கு?

செடி கொடியில் கிடைக்காது. டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள், நானும் எடுக்கிறேன்.

ராத்திரி ரயிலுக்கு?

நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர்கள் தலைமுறையாகச் செய்வதுதான்: இட்லியை மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டுவது. ஓட்டலில் பார்சல் சொன்னாலும் "பொடிய எண்ணெயில குழச்சு ரெண்டு பக்கமும் தடவிருங்க" என்று சொல்லுங்கள். விருதுநகர் வரும்போது பிரித்தால் பொடி ஊறிச் சரியாக இருக்கும்.

இவ்வளவு சொல்கிறீர்கள், நாலு ஓட்டல் பெயரைச் சொல்லக் கூடாதா?

முதலில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதை நம்பிப் போன ஒருத்தருக்கு ரவா தோசையில் மோர் வந்தது. மாஸ்டர் மாறியிருந்தார். ஓட்டல் பெயர் அப்படியே இருக்கும், கை மாறினால் மாவும் மாறும். அதனால் பெயர் சொல்வதை விட்டுவிட்டேன். கூட்டம் சேரும் முன் பதினொன்றரை மணிக்குப் போய், கல்லாவில் இருப்பவரிடம் கேட்காமல் உள்ளே சமைக்கிறவரிடம் கேளுங்கள். கல்லாவில் எல்லாவற்றுக்கும் "இல்ல சார், சுத்த சைவம்" என்று ஒரே பதில்தான் வரும். அடுப்படியில் நிற்பவர் "இதுல நெய் போட்டிருக்கேன், அதுல போடல" என்று கை நீட்டிக் காட்டுவார். சொதி நாள் என்றால் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். ஒன்றரைக்கு மேல் சாம்பார்தான் இருக்கும்.